ரஸ்தாளியில் வாடலைத் தாங்கும் கன்று தேடப் போகிறீர்களா? கதிர்வீச்சிலிருந்து வயல் வரை ஒரு வழிகாட்டி

முதல் நோய்ச் சோதனையை முடித்தபோது வாடாமல் நின்ற ரஸ்தாளிக் கன்றுகள் பதினொன்று என்னிடம் இருந்தன. எல்லாம் காமா கதிர் பட்ட நுனிமொட்டுகளிலிருந்து வந்தவை. இரண்டு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. மறுசோதனையில் பதினொன்றும் வாடிவிட்டன. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதல் சோதனையில், கதிரே படாத சாதாரண ரஸ்தாளியிலும் மூன்றில் ஒரு பங்கு வாடாமல் நின்றிருக்கிறது. என் கன்றுகள் நோயை எதிர்க்கவில்லை, நோய் அவற்றை எட்டவே இல்லை.

ஒன்றரை ஆண்டு உழைப்பு அதில் போயிற்று. இந்த வேலையைத் தொடங்கவிருக்கும் முதுகலை மாணவர்கள், முனைவர் பட்ட ஆய்வாளர்கள், சிறிய திசு வளர்ப்புக் கூடம் நடத்துபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் பட்டதில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சு என்பது இந்த வேலையில் சில நிமிடங்கள்தான். அதற்கு முன்னால் ஆறேழு மாதத் தயாரிப்பும், பின்னால் மூன்று நான்கு ஆண்டுச் சலித்தெடுப்பும் இருக்கின்றன. ஆராய்ச்சித் திட்டம் எழுதும்போது எல்லோரும் கதிர்வீச்சைப் பற்றி இரண்டு பக்கமும் சலித்தெடுப்பைப் பற்றி இரண்டு வரியும் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். நீங்கள் மாற்றி எழுதுங்கள்.

1. எந்த ரகம், எந்த நோய்: ஒரே வரியில் எழுதி ஒட்டுங்கள்

"நோய் எதிர்ப்புள்ள வாழை" என்று பொதுவாகத் தொடங்கினால் எங்கும் போய்ச் சேர முடியாது. என்னுடைய வரி இது: "ரஸ்தாளி, ஃபியூசேரியம் வாடல், ரேஸ் 1."

ரஸ்தாளி மும்மடி மரபணுத் தொகுப்பு கொண்டது, அதாவது ஒவ்வொரு குரோமோசோமிலும் மூன்று நகல்; விதை வைப்பதில்லை. அதனால் ஒட்டுச் சேர்த்துப் புது ரகம் எடுப்பது பெரும்பாடு. இருக்கும் ரகத்தின் சுவையையும் மணத்தையும் காப்பாற்றிக்கொண்டு ஒரு குணத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று பார்ப்பதற்குத்தான், கதிரால் மரபுப்பொருளில் மாற்றத்தைத் தூண்டும் மரபுப்பிறழ்வு வழி.

வாடல் நோயைத் தரும் ஃபியூசேரியம் பூஞ்சையில் பல பிரிவுகள் உண்டு. ரஸ்தாளியைத் தாக்குவது பெரும்பாலும் ரேஸ் 1. கேவண்டிஷ் வகையையும், அதாவது நம் ஜி-9 எனப்படும் கிராண்ட் நைனையும், வீழ்த்தக்கூடியது டிராபிகல் ரேஸ் 4 எனப்படும் டி.ஆர்.4. இந்தியாவில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது பதிவாகியிருக்கிறது. உங்கள் பகுதியில் இல்லாத பிரிவை "சோதனைக்காக" என்று சொல்லி எடுத்துவர நினைக்கவே வேண்டாம். இந்தப் பூஞ்சையின் ஓய்வு வித்துகள் மண்ணில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். ஒரு செருப்பில் ஒட்டிய மண் போதும், ஒரு ஊரே வாழையை மறக்க வேண்டியதுதான். டி.ஆர்.4 குறித்து வேலை செய்ய விரும்பினால், திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற, அதற்கான அனுமதியும் கட்டமைப்பும் உள்ள நிறுவனத்தோடு சேர்ந்து, நோய் ஏற்கெனவே உள்ள இடத்தில் செய்யுங்கள்.

2. தாய்மரத்தைத் தேர்ந்தெடுப்பது

வாடல் விழுந்த தோட்டத்தில் ஒரே ஒரு மரம் தார் தள்ளி நிற்கும். அதைப் பார்த்தவுடன் அதிலிருந்தே கன்று எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். வெளியே அறிகுறி காட்டாமல் கிழங்குக்குள் பூஞ்சையை வைத்திருக்கும் மரங்கள் நிறைய. நோயே இல்லாத தோட்டத்தில், நல்ல தார் வெட்டிய மரத்தின் பக்கத்திலுள்ள ஈட்டிக்கன்றைத்தான் எடுக்க வேண்டும். கிழங்கைத் தோட்டத்திலேயே குறுக்கே வெட்டிப் பாருங்கள். சுத்தமான கிழங்கு பால் வெள்ளையாக இருக்கும். செம்பழுப்பு நிறத்தில், வெற்றிலைச் சாறு தெறித்தது போலப் புள்ளிகள் தெரிந்தால் அந்தக் கன்றையும் அந்தத் தோட்டத்தையும் விட்டுவிடுங்கள். அரிவாளைக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்த கன்றைத் தொடாதீர்கள்.

அடுத்தது வைரஸ் பரிசோதனை. முடிக்கொத்து, கோடு வைரஸ், வெள்ளரித் தேமல், பூமடல் தேமல் ஆகிய நான்குக்கும் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்தில் சான்று வாங்குங்கள். செலவு என்று பார்த்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரஸ்தாளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பால்பிசியானா என்ற காட்டு வாழையின் பரம்பரை கலந்த ரகங்களில் (ரஸ்தாளியும் அப்படித்தான்), கோடு வைரஸின் மரபுப்பொருள் வாழையின் குரோமோசோமுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். திசு வளர்ப்பின் அழுத்தத்தில் அது விழித்துக்கொண்டு வைரஸாக வெளிவரவும் கூடும். ஆகவே தாய்மரத்துக்கு ஒரு முறை, பெருக்கிய கன்றுகளுக்கு ஒரு முறை என இரண்டு சோதனைகளுக்கும் திட்டத்தில் பணம் ஒதுக்குங்கள்.

3. காகிதங்கள்: கன்றுக்கு முன்னால் கையெழுத்து

எனக்கு ஐந்து மாதம் இதில்தான் போயிற்று. குடுவைகள் தயாராக இருந்தன, கடிதம் தயாராக இல்லை. நாள் கடந்துகொண்டே போனதில் மொட்டுகள் முதிர்ந்து, மறுபடியும் பெருக்க வேண்டியதாயிற்று. ஆகவே முதல் ஈட்டிக்கன்றை வெட்டும் வாரத்திலேயே கீழ்க்கண்டவற்றைத் தொடங்கிவிடுங்கள்.

தாய்மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கான பதிவு: தோட்டத்தின் இடம், தேதி, படம், விவசாயியின் ஒப்புதல் கடிதம். மரபு வங்கியிலிருந்து வாங்கினால் அதன் சேர்க்கை எண். பின்னாளில் ரகப் பதிவுக்குப் போகும்போது முதலில் கேட்கப்படும் கேள்வியே இதுதான்.

கதிர்வீச்சு தரும் நிறுவனத்தோடு பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. சில வேளாண் பல்கலைக்கழகங்களிலும் காமா அறை உண்டு. எங்கே போனாலும் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: நல்ல கன்று ஒன்று கிடைத்தால் அதில் யாருக்கு என்ன உரிமை? கிடைக்கும் முன் இதைப் பேசுவது எளிது. கிடைத்த பின் பேசுவது நட்பைக் கெடுக்கும்.

நோய்க்கிருமியைக் கையாள உங்கள் நிறுவனத்தின் உயிரியப் பாதுகாப்புக் குழு அனுமதி. எந்தப் பிரிவு, எங்கே வைக்கப்படும், கழிவு எப்படி அழிக்கப்படும் என்று அந்த விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டு ரகம் எதையாவது சேர்க்க நினைத்தால், புதுதில்லியிலுள்ள தேசிய தாவர மரபு வளப் பணியகத்தின் இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்தலும் தேவை. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளூர் ரஸ்தாளியிலேயே வேலை நிறையக் கிடக்கிறது.

"இது மரபணு மாற்றப் பயிர்தானே, அதற்கான குழுவின் அனுமதி வேண்டாமா?" என்று பலர் கேட்பார்கள். வேறு உயிரின் மரபணு எதையும் இதில் நுழைப்பதில்லை. மரபுப்பிறழ்வு ரகங்கள் வழக்கமான பயிர்ப்பெருக்க முறையில் வந்தவையாகவே கருதப்படுகின்றன. கதிர் பட்ட கன்றில் கதிரியக்கம் தங்குவதும் இல்லை. இந்த இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் வைத்திருங்கள். துறைத் தலைவர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோரிடமும் சொல்ல வேண்டிவரும்.

4. குடுவையில் பெருக்குதல்

முறை உங்கள் கூடத்தில் இருப்பதுதான். முராஷிகி-ஸ்கூக் ஊடகம், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, தளிர்களைப் பெருக்கும் ஹார்மோனான பி.ஏ.பி. ஏறத்தாழ 5 மில்லிகிராம், பி.எச். 5.8, ஆட்டோகிளேவில் 121 டிகிரி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை புது ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். இதை நான் விரித்து எழுதப்போவதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். கிழங்குக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியா முதல் மாதம் வெளியே தெரியாது. இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் மொட்டின் அடியில் பால் கசிந்தது போன்ற வளையம் தோன்றும். அதைப் பார்த்ததும் அதே மொட்டிலிருந்து வந்த குடும்பத்தையே அப்புறப்படுத்துங்கள். "செடி நன்றாகத்தானே இருக்கிறது" என்று வைத்துக்கொண்டால், கதிர்வீச்சால் மொட்டு பலவீனமாகும் நாளில் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

5. எத்தனை கிரே? உங்கள் மொட்டையே கேளுங்கள்

கிரே என்பது பொருள் ஏற்கும் கதிரின் அலகு. மும்மடி வாழைகளின் நுனிமொட்டுக்கு 20 முதல் 40 கிரே என்று பொதுவாகச் சொல்வார்கள். இருமடி ரகங்கள் அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். இது தொடக்கப்புள்ளி மட்டுமே. மொட்டின் அளவு, வயது, எத்தனை இலையுறை உரித்தீர்கள் என்பதைப் பொறுத்தெல்லாம் தாங்கும் அளவு மாறும். அதனால் முன்சோதனை கட்டாயம்.

0, 10, 20, 30, 40, 50, 60 கிரே என ஏழு அளவுகள், ஒவ்வொன்றுக்கும் இருபது மொட்டு, மூன்று முறை. மொத்தம் 420 மொட்டுகள். மொட்டுகள் எல்லாம் ஒரே அளவாக, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். முப்பது நாற்பது நாள் கழித்து உயிரோடிருப்பவை எத்தனை, புதிதாக எத்தனை தளிர், எடை எவ்வளவு என்று மூன்றையும் எடுங்கள். எத்தனை பிழைத்தன என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பச்சையாகவே இருக்கும், ஆனால் அதற்குப்பின் ஒரு தளிர்கூட விடாது.

கதிர் படாத மொட்டுகளோடு ஒப்பிட்டால் வளர்ச்சி பாதியாகக் குறையும் அளவு ஒன்று உண்டு. அதையும் அதற்குச் சற்றுக் கீழே ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். மேலே போகாதீர்கள். அதிகக் கதிர் பட்டால் நல்ல மாற்றம் அதிகம் வரும் என்பது தவறான எண்ணம். கெட்ட மாற்றங்கள்தான் கூடவே குவியும். வாடலைத் தாங்கினாலும் தார் தள்ளாத மரம் யாருக்கும் வேண்டாம்.

ஈ.எம்.எஸ். என்ற வேதிப்பொருளாலும் மரபுப்பிறழ்வைத் தூண்டலாம். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. நல்ல ஆவி வெளியேற்றும் கூண்டும், மீதத்தைச் செயலிழக்கச் செய்யும் ஏற்பாடும், பழகிய ஒருவரின் மேற்பார்வையும் இல்லாத இடத்தில் அதன் பக்கமே போகாதீர்கள்.

6. கதிர்வீச்சு நாள்

மொட்டுகளை உறை நீக்கி, கிருமிநீக்கிய பெட்ரி தட்டில் சிறிது கிருமியற்ற நீரோடு வைத்து எடுத்துச் செல்லுங்கள். கோடையில் பகல் பயணம் வேண்டாம். நான் இரவு ரயிலில் தெர்மாகோல் பெட்டியோடு போனேன். பெட்டியை இருக்கைக்கு அடியில் வைக்காமல் மடியில் வைத்திருந்தேன்.

காமா அறையில் இருப்பது கோபால்ட்-60. அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வலிமை குறைந்துகொண்டே வரும். ஆகவே "போன வருடம் இத்தனை வினாடி வைத்தோம்" என்பதை நம்பாதீர்கள். அன்றைய தேதிக்கான கதிர் வீதத்தை எழுத்தில் வாங்கி, வினாடியை நீங்களே ஒரு முறை கணக்கிடுங்கள்.

இங்கே யாரும் சொல்லித்தராத ஒரு பொறி இருக்கிறது. அறையின் வீதம் மணிக்கு 3000 கிரே என்று வையுங்கள். 30 கிரே தர 36 வினாடி போதும். மாதிரியை வைத்த இழுப்பறை கீழே இறங்கி மேலே ஏறுவதற்கும் சில வினாடிகள் ஆகும். அந்த நேரத்திலும் கதிர் படுகிறது. விதைகளுக்கு நூற்றுக்கணக்கான கிரே தரும்போது இது பெரிதில்லை. வாழை மொட்டுக்கு இதுவே பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிழையாகிவிடலாம். பயணக் கதிர் எவ்வளவு என்று கேளுங்கள். கூடுமானால் வலிமை குறைந்த பழைய மூலம் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். முன்சோதனையையும் முதன்மைச் சோதனையையும் ஒரே அறையில், ஒரே தட்டு அளவில் செய்யுங்கள்.

கதிர் படாத மொட்டுகளையும் அதே பெட்டியில் கொண்டுபோய், அதே நேரம் வெளியே வைத்திருந்து, திரும்பக் கொண்டுவாருங்கள். பயணத்தால் வந்த சேதம் எது, கதிரால் வந்த சேதம் எது என்று பிரித்துச் சொல்ல வேறு வழி கிடையாது. திரும்பியதும், முடிந்தால் அன்றே, கதிர் பட்ட நீரைக் கொட்டிவிட்டுப் புது ஊடகத்தில் நடுங்கள். கதிர் வழங்கிய அளவுச் சான்றிதழை வாங்காமல் அந்த வாசலைத் தாண்ட வேண்டாம்.

7. நான்கு சுற்றுப் பிரித்தல்

கதிர் ஒரு மொட்டின் எல்லாச் செல்களையும் ஒரே மாதிரி மாற்றுவதில்லை. மாறிய செல்லும் மாறாத செல்லும் ஒரே நுனியில் கலந்திருக்கும். அலங்காரச் செடிகளில் ஒரு பாதி வெள்ளையும் ஒரு பாதி பச்சையுமாக இலை வருவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. இந்தக் கலப்பு நீங்காமல் சோதனைக்குப் போனால் இன்று தாங்கிய கன்றின் பக்கக்கன்று நாளை வாடும். அதனால் தளிர்களைப் பிரித்துப் பிரித்து நான்கு சுற்றாவது கடத்த வேண்டும். நோட்டில் எம்1வி1 என்று தொடங்கி எம்1வி4 வரை எழுதுவது இதைத்தான்: எம்1 கதிர் பட்ட முதல் தலைமுறை, வி-க்குப் பின் வருவது தளிர் பிரித்த சுற்றின் எண். மொத்தச் சுற்றுகள் எட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் திசு வளர்ப்பே தன் பங்குக்கு மாற்றங்களைக் கொண்டுவரும்.

இங்கேதான் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போகும். 500 மொட்டுக்குக் கதிர் தருகிறீர்கள், பாதி பிழைக்கிறது, 250. ஒவ்வொன்றும் சுற்றுக்கு மூன்றாகப் பெருகினால் நான்காம் சுற்றில் இருபதாயிரம் தளிர். எந்த மாணவராலும் தாங்க முடியாது. ஒவ்வொரு மொட்டுக் குடும்பத்திலிருந்தும் நான்காம் சுற்றில் ஐந்து தளிர் மட்டும், வெவ்வேறு கிளைகளிலிருந்து, என்று வரம்பு வையுங்கள். 1250 வரிசைகள், அதாவது தனித்தனியாகப் பெயரிட்டுத் தொடர வேண்டிய 1250 தளிர்வழிகள். இதுவே ஒருவர் கையாளக்கூடிய உச்சம்.

பெயர்ச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டிலைக் கிருமியற்ற காற்றோடும் கூண்டுக்குள் வைக்கும்போது ஸ்பிரிட்டால் துடைப்போம். மார்க்கர் எழுத்து அந்தத் துடைப்பிலேயே போய்விடும். அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டில்களை "எந்தக் குடும்பம்" என்று தெரியாமல் நான் இழந்தேன். காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். அளவு, குடும்பம், தளிர்: "30-112-4" என்று மூன்றே எண்.

8. நகல் இல்லாமல் சோதனைக்கு அனுப்பாதீர்கள்

நோய்ச் சோதனையின் முடிவில் கிழங்கை வெட்டித்தான் பார்க்க வேண்டும். வெட்டினால் செடி இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் குடுவையில் இரண்டு நகலாவது பத்திரமாக இருக்க வேண்டும். 25 டிகிரி அறையில் வைத்தால் மாதாமாதம் ஊடகம் மாற்றியே ஓய்ந்துபோவீர்கள். வாழை மரபு வங்கிகள் 16 டிகிரி அளவில், குறைந்த வெளிச்சத்தில் வைத்து வளர்ச்சியை மந்தமாக்குகின்றன. அப்படி ஒரு குளிர் அறை அருகில் எங்கே இருக்கிறது என்று முதல் ஆண்டே விசாரித்து, இடம் கேட்டு வையுங்கள்.

வேர்விட்ட தளிர்களைக் கடினப்படுத்துவது, அதாவது குடுவைக்கு வெளியே பழக்குவது, இரண்டு கட்டம், மொத்தம் மூன்று மாதம். மார்ச் முதல் ஜூன் வரை தவிருங்கள். கதிர் பட்ட வரிசைகள் சாதாரணக் கன்றைவிட மெலிந்தவை. வெயிலில் சாவது நோயால் செத்தது போலவே கணக்கைக் குழப்பும்.

9. நோய்ச் சோதனை: உயிர்நாடி இதுதான்

என் பதினோரு கன்றுக் கதைக்குக் காரணம் பூஞ்சை. தட்டிலிருந்து தட்டுக்குப் பலமுறை மாற்றிய ஃபியூசேரியம் தன் வீரியத்தை இழந்துவிடும். பார்க்க வெள்ளைவெளேரென்று செழிப்பாகவே வளரும், செடியை மட்டும் தாக்காது. ஒற்றை வித்திலிருந்து வளர்த்த தூய பூஞ்சையைத் தொடக்கத்திலேயே வடிதாள் துண்டுகளில் உலர்த்திக் குளிரில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அங்கிருந்து புதிதாக எடுங்கள். முதலில் சாதாரண ரஸ்தாளியைத் தாக்கவிட்டு, வாடிய கிழங்கிலிருந்து மீட்டெடுத்துப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

இரண்டு மூன்று மாத வயதுக் கன்று. நான்கு இலையாவது இருக்க வேண்டும். பூஞ்சை வளர்த்த சிறுதானியத்தை வேர்ச்சூழலில் கலப்பது அல்லது கழுவிய வேரை மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் வித்துகள் உள்ள கரைசலில் முக்குவது, இரண்டில் ஒன்று. வேரை முக்கும் முறை விரைவானது, ஆனால் கடுமையானது. ஓரளவு தாங்கக்கூடிய கன்றையும் அது வீழ்த்திவிடும். ஆயிரம் வரிசையைச் சலிக்கத் தானிய முறை, தேறியவற்றை உறுதிசெய்ய இரண்டு முறையும் என்று நான் வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு தட்டிலும் மூன்று வகை ஒப்பீட்டுக் கன்றுகள் கலந்து நிற்க வேண்டும். கதிர் படாத, அதே குடுவை வழி வந்த ரஸ்தாளி, பூஞ்சையோடு. அதே ரஸ்தாளி, பூஞ்சை இல்லாமல். உங்கள் பகுதியில் இந்தப் பிரிவுக்கு வாடாத பூவன் போன்ற ரகம், பூஞ்சையோடு. பூஞ்சையிட்ட சாதாரண ரஸ்தாளியில் பத்துக்கு ஒன்பதாவது வாடாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. எத்தனை மாத உழைப்பு ஆனாலும் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். இந்த ஒரு விதியை நான் முதலிலேயே கடைப்பிடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

இலையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காம்பு ஒடிந்து தொங்குவது வாடல்தான். ஆனால் தண்ணீர் தேங்கினாலும் சத்து குறைந்தாலும் இலை மஞ்சளாகும். எட்டு வாரம் கழித்துக் கன்றைப் பிடுங்கி, கிழங்கைக் குறுக்கே வெட்டி, நிறமாற்றத்தைப் பாருங்கள்: சுத்தம், சில புள்ளிகள், மூன்றில் ஒரு பங்கு வரை, மூன்றில் இரண்டு பங்கு வரை, அதற்கு மேல், முழுவதும். மதிப்பெண் போடுபவருக்குக் கன்றின் எண் தெரியக் கூடாது. நம்பிக்கையோடு வளர்த்த கன்றின் கிழங்கில் புள்ளியைக் காண நம் கண் மறுக்கும். நான் என் ஆய்வுக்கூடத் தோழியை வெட்டச்சொல்லி, எண்ணை மறைத்து, மதிப்பெண் போட்டேன்.

குடுவையிலேயே இந்தப் பூஞ்சை சுரக்கும் நச்சான ஃபியூசாரிக் அமிலம் கலந்து, அதில் பிழைத்தவற்றை எடுக்கும் குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். அந்த நச்சைத் தாங்குவது வேறு, பூஞ்சையைத் தாங்குவது வேறு. எண்ணிக்கையைக் குறைக்க ஒரு வடிகட்டியாக வைத்துக்கொள்ளலாம். அதையே முடிவாக எழுதக் கூடாது.

தொட்டியிலிருந்து வடியும் நீர், மண், வெட்டிய கிழங்கு எல்லாம் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகே வெளியே போக வேண்டும். சோதனைக் குடிலுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

தேறிய வரிசைகளை நகலிலிருந்து பெருக்கி, வரிசைக்குப் பத்துப் பதினைந்து கன்றாக, மூன்று முறை மறுசோதனை செய்யுங்கள். ஆயிரத்தில் இரண்டு மூன்று நின்றாலே நல்ல விளைச்சல். ஒன்றுகூட நிற்காமலும் போகலாம்.

10. வயல்

நோயுள்ள வயல் என்றாலும் பூஞ்சை எங்கும் ஒரே அளவில் இருக்காது. திட்டுத்திட்டாக இருக்கும். சோதனை வரிசைகளுக்கு நடுவே சாதாரண ரஸ்தாளியை இரைபோல இடையிடையே நடுங்கள். பக்கத்து இரை வாடிய இடத்தில் நின்ற மரமே தேறிய மரம். விவசாயியின் தோட்டத்தில் செய்வதானால், அங்கே நோய் ஏற்கெனவே இருக்க வேண்டும். கன்றை யாருக்கும் கொடுப்பதில்லை என்று எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும்.

நடவுப் பயிர், மறுதாம்பு என இரண்டு அறுவடையாவது பாருங்கள். பல வரிசைகள் முதல் ஆண்டு நின்று மறுதாம்பில் வீழ்கின்றன. தாரின் எடை, சீப்பு எண்ணிக்கை, பழத்துக்குள் கட்டி விழுகிறதா என்பதோடு, ருசியையும் சோதியுங்கள். ரஸ்தாளியை ஆயுள் முழுவதும் தின்ற பெரியவர்கள் ஐந்தாறு பேருக்குக் கொடுத்தால் போதும், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்கள்.

கிராண்ட் நைனிலிருந்து காமா கதிர் வழியாக மலேசியாவில் நோவாரியா வந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையமும் திருச்சி வாழை ஆராய்ச்சி மையமும் சேர்ந்து எடுத்த காவேரி வாமனும் அப்படி வந்ததே. ஒன்று சீக்கிரம் பூப்பது, மற்றது குட்டையானது. அந்தக் குணங்கள் கண்ணுக்குத் தெரிபவை. தோட்டத்தில் நடந்துபோகும்போதே பிடித்துவிடலாம். நோய் எதிர்ப்பு அப்படித் தெரியாது, நோயிடம் விட்டுத்தான் கேட்க வேண்டும். தைவானில் வாடலைத் தாங்கும் ஃபார்மோசானா ரகத்தைத் திசு வளர்ப்பில் தானாக வந்த மாறுபாடுகளிலிருந்து எடுத்தார்கள். அங்கேயும் வழி அதுதான்: ஏராளமான கன்றுகளை நோயுள்ள மண்ணில் நட்டு, நின்றதை எடுத்தார்கள்.

11. காலமும் பணமும்

தாய்மரத்திலிருந்து போதிய மொட்டு வரை ஆறேழு மாதம். முன்சோதனை இரண்டு மாதம். கதிருக்குப் பின் நான்கு சுற்றுக்கு ஐந்து மாதம். வேரும் கடினப்படுத்தலும் மூன்று மாதம். முதல் நோய்ச் சோதனை மூன்று மாதம். மறுபெருக்கமும் மறுசோதனைகளும் ஓர் ஆண்டு. வயலில் இரண்டு அறுவடைக்கு இரண்டு ஆண்டுக்கு மேல். எல்லாம் சரியாக நடந்தாலே ஐந்து ஆண்டு. முதுகலை மாணவர் முன்சோதனையும் கதிர்வீச்சும் எம்1வி4 வரையும் முடித்து, பொருளை அடுத்தவரிடம் ஒப்படைப்பதாகத் திட்டமிடுங்கள். முனைவர் பட்டத்துக்கு மறுசோதனை வரை. வயல் முடிவை ஆய்வேட்டில் வாக்குறுதியாக எழுதிவிடாதீர்கள்.

கதிர்வீச்சுக் கட்டணம் செலவில் சிறு பகுதிதான். பணத்தைத் தின்பது பாட்டில். 1250 பாட்டிலுக்கு 35 மில்லி வீதம், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 44 லிட்டர் ஊடகம் வேண்டும். அதற்கு அகார், ஆட்டோகிளேவ் மின்சாரம், குளிரூட்டி, இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கைவேலைக் கூலி. என்னால் ஒரு நாளில் நூறு பாட்டிலுக்கு மேல் சுத்தமாக மாற்ற முடியவில்லை. ஆகவே ஒரு சுற்றுக்கே பன்னிரண்டு பதின்மூன்று வேலை நாள். திட்ட மதிப்பீட்டில் உதவியாளர் ஒருவரின் முழுநேரச் சம்பளத்தைக் கட்டாயம் கேளுங்கள். வெளிக் கூடத்தில் கொடுத்துப் பெருக்குவதானால், சந்தையில் ஜி-9 கன்று பதினைந்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று அதே விலையை எதிர்பார்க்காதீர்கள். அது ஒரே ரகத்தை லட்சக்கணக்கில் பெருக்கும் விலை. ஆயிரம் வரிசையைத் தனித்தனியாக வைத்திருக்கும் வேலைக்கு எழுத்தில் தனி மதிப்பீடு வாங்குங்கள். சீட்டு மாறினால் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதச்சொல்லுங்கள்.

12. தேறிய கன்றை என்ன செய்வது

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001-இன் கீழ் பதிவு செய்யலாம். தனித்தன்மை, ஒருமை, நிலைத்தன்மை மூன்றையும் காட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டுக்கு முன்பே இந்தியாவில் விற்றிருந்தால் புதுமை என்ற தகுதி போய்விடும். வயல் விழாவில் யாரோ கேட்டார்கள் என்று நான்கு கன்றைப் பணம் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பணம் வாங்காமலும் கொடுக்காதீர்கள்: நோயுள்ள வயலில் நின்ற மரத்தின் பக்கக்கன்று வாடாவிட்டாலும் அதன் வேர்மண்ணில் பூஞ்சை இருக்கும். வெளியே போக வேண்டியது குடுவையில் காத்துவைத்த நகலிலிருந்து பெருக்கி, மறுபடி வைரஸ் சோதனை முடித்த கன்று மட்டுமே. வயலில் நின்ற மரங்களின் கிழங்கை, கடைசித் தாரை வெட்டிய பின், அங்கேயே தோண்டி எடுத்து அழித்துவிடுங்கள்.